மயங்கி விழாத நூற்று எண்பத்தைந்து பேர்

பேரவைக் கட்டிடத்தில் இரண்டு லிஃப்ட்கள் இருந்தன. ஒன்று வாரத்தில் நான்கு நாள் பழுது. மற்றொன்றில் அவர் இருந்தார். அதனால் சட்டம் இயற்றும் அறுபத்தொரு உறுப்பினர்களும் பதினோரு வருடம், நாளுக்கு இரண்டு தடவையாவது, அவருடைய ஸ்டூலுக்குப் பக்கத்தில் வந்து நின்றுதான் ஆக வேண்டியிருந்தது.

'எந்த மாடி சார்?' என்று கேட்பதற்குத் தவிர லிஃப்ட்காரர் வாய் திறந்து யாரும் பார்த்ததில்லை. ஆனால் காது திறந்தேதான் இருந்தது. யார் வீட்டில் சண்டை போட்டுவிட்டு வருகிறார், யார் கையில் இருக்கும் அறிக்கையைப் படித்திருக்கிறார், யார் அட்டையை மட்டும் பார்த்திருக்கிறார் என்பதெல்லாம் கதவு மூடுவதற்குள் அவருக்குத் தெரிந்துவிடும். சுகாதார மந்திரி மதியத்துக்கு மேல் எதற்கும் 'சரி' சொல்ல மாட்டார், காலையில் சொல்வார். இதையெல்லாம் யாரும் அவரிடம் கேட்டதில்லை. அவரும் யாரிடமும் சொன்னதில்லை.

கேட்கும் ஆள் ஒருநாள் வந்து சேர்ந்தார். அரசுக் கடைநிலை ஊழியர் யூனியனின் தலைவர். ஆஜானுபாகுவான உடம்பு. மைதானத்தில் பேசினால் மைக் வேண்டாம். கனமான ஃபைல் ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஏழு மாதமாக சுகாதார மந்திரியின் அறை வாசலில் காத்துக் கிடந்துவிட்டு, மாலையில் முகம் தொங்கிப்போய் இறங்குவார். அன்றைக்கும் அப்படித்தான் இறங்கினார்.

"அண்ணே, தப்பா நினைக்காதீங்க. நீங்க மூணு மணிக்கு வர்றீங்க. அவர் மனசு பதினொன்னரைக்கே மூடிடும். காலையில பத்தேகாலுக்கு வாங்க. இந்த ஃபைலை வீட்டுல வெச்சிட்டு வாங்க" என்றார் லிஃப்ட்காரர்.

தலைவர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "உனக்கு ஏம்ப்பா இதுல அக்கறை?"

"நீங்க கேக்கறது ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துக்குக் கையுறை. என் வீட்டம்மா அங்கதான் வேலை பார்க்கறா."

மறுநாள் பத்தேகாலுக்குத் தலைவர் வந்தார், மந்திரியும் வந்தார், கதவு மூடியது. ஆயிரம் பேருக்கு முன்னால் முழங்கும் தலைவருக்கு, ஒற்றை ஆளுக்கு முன்னால் நாக்கு ஒட்டிக்கொண்டது. முதல் மாடி போயிற்று. இரண்டாவதும் போயிற்று. தலைவர் தொண்டையைச் செருமுவதோடு நின்றார்.

லிஃப்ட்காரருக்குப் பொறுக்கவில்லை. "சார், நாலாவது மாடிக்குள்ள சொல்லி முடிச்சிடறேன். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துல நூத்திப்பத்து பேர் நீராவி இஸ்திரியில வேலை செய்யறாங்க. முழங்கை வரைக்கும் போடற உறை ஒருத்தருக்கும் இல்ல. என் வீட்டம்மா கையில மூணு தழும்பு. அதைக் கேக்கத்தான் இவர் ஏழு மாசமா உங்க வாசல்ல நிக்கறார்."

நான்காவது மாடி வந்துவிட்டது. மந்திரி வெளியே ஒரு காலை வைத்துக்கொண்டு திரும்பினார். "நீ பேசுவியா?" என்று மட்டும் கேட்டார்.

அந்த மாதக் கடைசியில் கையுறைகள் வந்தன. எல்லாம் ஒரே அளவு, பெரிய அளவு. மனைவி அதை மாட்டிக்கொண்டு வந்து காட்டியபோது கரடி ஒன்று வீட்டுக்கு வந்ததுபோல் இருந்தது. "அடுத்த தடவை லிஃப்ட்டுல அளவையும் சொல்லுங்க" என்றாள்.

அடுத்த தடவைக்கு லிஃப்ட் இல்லை. பொத்தானை அமுக்கினால் தானே போகும் புதிய லிஃப்ட்கள் வந்தன. ஸ்டூலைத் தூக்கிக்கொண்டுபோய் ஸ்டோரில் போட்டார்கள். அவரைப் பழைய காகிதங்கள் வைக்கும் அறைக்கு மாற்றினார்கள். அங்கே பேசவும் ஆளில்லை, கேட்கவும் ஆளில்லை. மூன்றாவது வாரம் தலைவர் அங்கே வந்து, தூசிக்குத் தும்மி முடித்துவிட்டு விஷயத்துக்கு வந்தார்.

"யூனியனுக்கு முழுநேர ஆளா வந்துடு. உறுப்பினர்களைப் பார்க்கறது, பேசறது, நம்ம பக்கம் ஓட்டு சேர்க்கறது. அதான் வேலை."

வீட்டில் இதைச் சொன்னதும் மனைவி கையிலிருந்த துணியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். "பேசறதுக்குச் சம்பளமா? உங்களுக்கா? இங்க ஒரு வார்த்தை வாங்கறதுக்குள்ள என் உயிர் போகுது!"

"நான் பேசப் போறதில்ல. கேக்கப் போறேன்."

"அப்ப சரி. அது உங்களுக்கு வரும்."

இப்படித்தான் லிஃப்ட்காரர் யூனியனின் சட்டமன்றத் தொடர்பாளர் ஆனார். பதவிப் பெயர் நீளம். உட்கார இடமோ மூன்றாவது மாடி நடையில் கிடந்த ஒரு மர பெஞ்சு. உறுப்பினர் கூப்பிடும்வரை அதில்தான் காத்திருக்க வேண்டும். பெஞ்சின் மறு முனையில் ஏற்கனவே ஒருவர் இருந்தார். வெயிலோ மழையோ, கோட்டு போடாமல் வரமாட்டார். விடுதி முதலாளிகள் சங்கத்தின் ஆள். இவர் எதைக் கேட்டாலும் அதைத் தடுப்பதற்காகவே அங்கே சம்பளம் கொடுத்து உட்கார வைக்கப்பட்டவர்.

முதல் வாரம் இருவரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. இரண்டாவது வாரம் கோட்டுக்காரர் தன் ஃப்ளாஸ்கிலிருந்து டீயை மூடியில் ஊற்றி நீட்டினார். "எடுத்துக்குங்க சார். எப்படியும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கப் போறோம்."

டீ வாங்கிக் குடித்ததால் கோரிக்கை எதுவும் குறைந்துவிடவில்லை. ஒரே அறைக்குள் இவர் போய்விட்டு வருவார், அடுத்து அவர் போவார். லிஃப்ட்காரரிடம் ஒரு வினோதமான பழக்கம் இருந்தது. தன் பக்கத்து நியாயத்தைச் சொல்லி முடித்ததும், "இதுக்கு எதிரா என்ன சொல்லலாம்னா..." என்று எதிர்த்தரப்பின் வாதத்தையும் அவரே சொல்லிவிடுவார். "அடுத்து ஒருத்தர் கோட்டு போட்டுக்கிட்டு வருவார் சார், அவர் இன்னும் அழகா சொல்வார்." கோட்டுக்காரர் உள்ளே போகும்போது உறுப்பினர் புன்னகையோடு, "ம், நீங்க சொல்ல வந்தது தெரியும்" என்பார். இது தன் பிழைப்பில் மண் அள்ளிப் போடுவதாகக் கோட்டுக்காரர் பெஞ்சில் உட்கார்ந்து உண்மையாகவே வருத்தப்பட்டிருக்கிறார்.

ஒன்பது வருடத்தில் சின்னதும் பெரிதுமாகப் பல காரியங்கள் நடந்தன. கையுறை மூன்று அளவுகளில் வந்தது. இரவுக் காவலர்களுக்கு மழைக்கோட்டு கிடைத்தது. சில காரியங்கள் மண்ணைக் கவ்வின. எல்லாவற்றிலும் பெரியது ஓய்வு மசோதா.

சலவைக்கூடம், பெரிய சமையல்கூடம், கொதிகலன் அறை. இப்படி அனலில் நின்று வேலை செய்கிறவர்களுக்கு இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கால்மணி நேர ஓய்வு, குளிர்ந்த அறையில் உட்கார நாற்காலி, குடிக்கத் தண்ணீர். மசோதா கேட்டது அவ்வளவுதான். ஆனால் அது விடுதிகளுக்கும் பொருந்தும் என்பதால் முதலாளிகள் சங்கம் வரிந்து கட்டிக்கொண்டு நின்றது. கோட்டுக்காரர் அந்த இரண்டு மாதம் டீ குடிக்கக்கூட நேரமில்லாமல் அறை அறையாக ஏறி இறங்கினார்.

லிஃப்ட்காரரின் கையில் பலமான ஆயுதம் ஒன்று இருந்தது. போன வருடம் வேலை நேரத்தில் வெப்பம் தாங்காமல் மயங்கி விழுந்தவர்கள் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர். யூனியன் கிளைகளெல்லாம் சேர்ந்து திரட்டி அனுப்பிய எண்ணிக்கை. அந்த ஒற்றை வரியைச் சொன்னதும் பிடி கொடுக்காத உறுப்பினர்கள்கூட நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். தேவை முப்பத்தொரு ஓட்டு. அவர் விரல்விட்டு எண்ணியதில் முப்பத்து மூன்று தேறியது. பக்கம் சேராதவர்களில் ஒருவர், முன்பு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்தவர். மூன்று முறை போய்ப் பார்த்தும், "யோசிக்கறேன்" என்பதற்கு மேல் அவர் வாயிலிருந்து முத்து உதிரவில்லை.

ஓட்டெடுப்புக்கு ஐந்து நாள் இருந்தது. உறுப்பினர்களுக்குப் போன வாரமே கொடுத்திருந்த, மயங்கி விழுந்தவர்களின் முழுப் பட்டியலில் ஒரு பிரதி ஞாயிற்றுக்கிழமை மதியம் வீட்டுக்கு வந்திருந்தது. மனைவி காய் நறுக்கிக்கொண்டே அதைப் புரட்டினாள். ஓரிடத்தில் கத்தி நின்றது.

"ஏங்க, நான் எப்ப மயங்கி விழுந்தேன்?"

"என்னது?"

"இதோ பாருங்க. என் பேர், என் டோக்கன் நம்பர். ஜூன் ஒன்பதாம் தேதி மயக்கம்னு போட்டிருக்கு. அன்னைக்கு நான் நம்ம பொண்ணோட பள்ளிக்கூடத்துல உட்கார்ந்திருந்தேன். இவ, என் பக்கத்து மேசைக்காரி, இவளும் விழுந்தாளாம். எருமை மாடு மாதிரி இருப்பா, அவ எங்க விழுந்தா? மேற்பார்வை அக்காவைக்கூட விழ வெச்சிருக்கீங்க!"

லிஃப்ட்காரர் பட்டியலைப் பிடுங்கிப் பார்த்தார். உடனே அந்தக் கிளையின் செயலாளருக்குப் போன் போட்டார். சுற்றி வளைத்துப் பேசிக்கொண்டிருந்த அந்த ஆள் கடைசியில் உண்மையைக் கக்கினார். மசோதா ஜெயிக்கட்டுமே என்ற நல்லெண்ணத்தில், வருகைப் பதிவேட்டிலிருந்து ஒரு பக்கத்தை அப்படியே பெயர்த்து எழுதிவிட்டாராம். விசாரித்தால், வேறு சில கிளைகளும் இதே நல்லெண்ணத்தைக் காட்டியிருந்தன.

அன்றிலிருந்து மூன்று நாள் அவர் போனும் காதுமாகவே இருந்தார். ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு, "நீங்க மயங்கி விழுந்தீங்களா?" என்று கேட்க வேண்டியிருந்தது. சிலர் சிரித்தார்கள். சிலர், "இன்னும் இல்ல சார்" என்றார்கள். ஒரு சமையல்காரர், "விழுந்தது உண்மை, ஆனா வெப்பத்துல இல்ல, வாழைப்பழத் தோல்ல" என்றார். மனைவியும் வேலையிலிருந்து வந்ததும் பாதிப் பட்டியலை வாங்கிக்கொண்டு பக்கத்து வீட்டுப் போனில் உட்கார்ந்தாள். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் இருவரும் கூட்டிப் பார்த்தார்கள். உண்மையாக விழுந்தவர்கள் நூற்று இருபத்தேழு பேர். மீதி நூற்று எண்பத்தைந்து பேர் திடகாத்திரமாக நின்றுகொண்டிருந்தார்கள்.

தலைவரிடம் போய்ச் சொன்னார். தலைவர் அறையின் கண்ணாடி அதிரக் கத்தினார்.

"அதுக்கு இப்ப என்ன செய்யச் சொல்ற?"

"எல்லா உறுப்பினரையும் பார்த்து, நான் சொன்னது தப்புன்னு சொல்லப் போறேன் அண்ணே."

"பைத்தியமா உனக்கு? இன்னும் மூணு நாள்! யாருக்குத் தெரியப் போகுது? நூத்தி இருபத்தேழு பேர் விழுந்தது நிஜந்தானே? ஒருத்தர் விழுந்தாலே நியாயம் நியாயந்தானே?"

"நியாயம்தான். ஆனா நான் சொன்ன நம்பர் நியாயம் இல்ல. என் வீட்டம்மா பேரே அதுல இருக்கு அண்ணே. நாளைக்கு யாராவது வந்து அவகிட்ட கேட்டா, அவ பொய் சொல்ல மாட்டா. எனக்கு அவளைத் தெரியும்."

தலைவர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். "போ. சொல்லிட்டு வா. தோத்தா இந்தப் பக்கம் வராதே."

புதன்கிழமை காலை மூன்றாவது மாடியிலிருந்து தொடங்கினார். அறுபத்தொரு கதவு. ஒவ்வொன்றிலும் ஒரே வாசகம்: "சார், உங்ககிட்ட முந்நூத்திப் பன்னண்டுன்னு சொன்னேன். தப்பு. நூத்தி இருபத்தேழு. மன்னிச்சிடுங்க." ஒருவர் தட்டிக்கொடுத்தார். ஒருவர், "நான் அதை மேடையிலேயே பேசிட்டேனேய்யா!" என்று தலையில் கை வைத்தார். நான்கு பேர், "அப்ப இது அவ்வளவு பெரிய பிரச்சினை இல்லபோல" என்று நைசாகக் கழன்றுகொண்டார்கள். அவர் மறுபடியும் விரல்விட்டு எண்ணினார். இருபத்தொன்பது. இரண்டு ஓட்டுக் குறைச்சல்.

பெஞ்சில் வந்து உட்கார்ந்தபோது கால் இரண்டும் கடுத்தது. பக்கத்தில் கோட்டுக்காரர். அவர் ஃப்ளாஸ்கைத் திறந்து முழு மூடி டீ ஊற்றினார்.

"சார், அந்த நம்பர் பொய்னு எனக்குப் போன வெள்ளிக்கிழமையே தெரியும். நாளைக்குக் காலையில சபையில போட்டு உடைக்கறதா இருந்தோம். எங்க சங்கத்துல அதுக்கு ஒரு போஸ்டரே அடிச்சு வெச்சிருக்காங்க" என்றார். டீயை நீட்டினார். "ரெண்டாயிரம் போஸ்டர் சார். இப்ப அதை என்ன செய்யறது?"

"பின்பக்கம் வெள்ளையா இருந்தா பசங்களுக்குக் கணக்குப் போடக் குடுங்க" என்றார் லிஃப்ட்காரர். இருவருக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. நடையில் போன காவலர் என்னவோ ஏதோ என்று நின்று பார்த்தார்.

கடைசிக் கதவு கணக்கு வாத்தியாருடையது. அவர் அந்த ஒற்றை வாசகத்தைக் கேட்டுவிட்டு மேஜை இழுப்பறையைத் திறந்தார். உள்ளேயிருந்து யூனியன் கொடுத்த பழைய பட்டியல் வெளியே வந்தது. பக்கமெங்கும் சிவப்பு மையில் சுழித்திருந்தது.

"ஒரே கிளையில, ஒரே நாள்ல, பேர் வரிசைப்படி நாப்பது பேர் மயங்கி விழறாங்க. அகர வரிசையில மயக்கம் வருமாய்யா? முதல் நாளே பிடிச்சிட்டேன்" என்றார். "நீ வர்றியான்னுதான் பார்த்துக்கிட்டிருந்தேன். முப்பது வருஷம் பரீட்சை திருத்தினவன் நான். தப்புப் போடாத பையன் கிடையாது. தானே எழுந்து வந்து 'சார், இது தப்பு'ன்னு சொன்னவன், முப்பது வருஷத்துல மூணு பேரோ நாலு பேரோ."

"உங்க ஓட்டு சார்...?"

"நூத்தி இருபத்தேழு பேர் விழுந்திருக்காங்க. அது போதாதா? ஓட்டு உனக்குத்தான். என்கிட்ட படிச்ச பசங்க ரெண்டு பேர் இந்தச் சபையில இருக்காங்க. அவங்ககிட்டயும் சொல்றேன். கேக்கலைன்னா பெஞ்சு மேல ஏத்திடறேன்."

வெள்ளிக்கிழமை மசோதா முப்பத்திரண்டுக்கு இருபத்தொன்பது என்று நிறைவேறியது. பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்திருந்த சலவைக்கூடத்துப் பெண்கள் கைதட்டக் கூடாது என்ற விதியை மறந்து தட்டினார்கள். தலைவர் எல்லார் எதிரிலும் லிஃப்ட்காரரைக் கட்டிப்பிடித்தார். 'இந்தப் பக்கம் வராதே' என்று சொன்னவர் தானில்லை என்பதுபோல் இருந்தது அந்தக் கட்டிப்பிடிப்பு. மனைவி மட்டும் கீழே வந்ததும் காதோடு சொன்னாள்: "இப்ப நிஜமாவே மயக்கம் வருது. காலையிலேர்ந்து சாப்பிடல."

இதற்குப் பிறகுதான் அவருடைய மூன்றாவது பிழைப்பு தொடங்கியது. தேர்தல் வந்தது. கணக்கு வாத்தியார் ஆளனுப்பினார். "என்கிட்ட உண்மையைச் சொல்ற ஆள் வேணும். சுத்தி இருக்கறவன் எல்லாம் 'ஜெயிச்சாச்சு சார்'னே சொல்றான்."

லிஃப்ட்காரர் இரண்டு கூட்டங்களுக்குப் போய்க் கேட்டுவிட்டு வந்து ஒரே போடாகப் போட்டார். "சார், உங்க பேச்சு நல்லா இருக்கு. ஆனா கேக்கறவங்க எல்லாம் பரீட்சைக்கு உட்கார்ந்த மாதிரி பயந்துபோய் இருக்காங்க. நீங்க பேசாதீங்க. வீடு வீடாப் போய் அவங்களைப் பேச விடுங்க." வாத்தியாருக்குக் கோபம் வந்தது. இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். போன தடவை நூறு ஓட்டில் தப்பியவர், இந்தத் தடவை நாலாயிரத்தில் ஜெயித்தார். செய்தி பரவியது. அதற்குள் யூனியனிலிருந்து ஓய்வு பெற்றிருந்த லிஃப்ட்காரரைத் தேடி, நிற்கப் போகிறவர்கள் வீட்டுக்கே வர ஆரம்பித்தார்கள். பாதிப் பேரிடம், "நிக்காதீங்க" என்று சொல்லி அனுப்பிவிடுவார். அதற்கும் நன்றி சொன்னவர்கள் உண்டு.

அந்தச் சமயத்தில்தான் சலவைக்கூடத்துப் பெண்கள் ஒன்றுகூடி, நகரசபைக்கு நிற்கச் சொல்லி அவருடைய மனைவியைப் பிடித்துக்கொண்டார்கள். அவள் ஒரு வாரம் யோசித்தாள். பிறகு சாப்பாட்டு மேஜையில் அறிவித்தாள்.

"நிக்கறேன். ஆலோசகரும் பேசி முடிச்சாச்சு."

லிஃப்ட்காரர் அடக்கமாகச் சிரித்துக்கொண்டார். "என்கிட்ட எப்ப பேசினே?"

"உங்ககிட்ட எதுக்கு? கோட்டு சாரை வெச்சிருக்கேன்."

"அவரையா? ஒன்பது வருஷம் நமக்கு எதிரா நின்ன மனுஷன்!"

"அதான். நம்ம ஓட்டை எப்படித் தடுக்கணும்னு அவருக்கு அத்துப்படி. தடுக்கத் தெரிஞ்சவருக்குச் சேர்க்கத் தெரியாதா? இன்னொன்னு, நீங்க உண்மையை வீட்டுலயே இலவசமாச் சொல்லிடறீங்க. வெளியில கொஞ்சம் இனிமையாச் சொல்ல ஒரு ஆள் வேணாமா?"

அடுத்த ஒரு மாதம் லிஃப்ட்காரருக்குச் சொந்த வீட்டிலேயே வேலையில்லை. முன்னறையில் கோட்டுக்காரரும் மனைவியும் வட்டார வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு குசுகுசுவென்று பேசுவார்கள். இவர் டீ போட்டுக் கொண்டுபோய் வைப்பார். மூக்கை நுழைக்கப் பார்த்தால், "வேட்பாளரைத் தொந்தரவு பண்ணாதீங்க சார்" என்பார் கோட்டுக்காரர், முகத்தைப் படு சீரியஸாக வைத்துக்கொண்டு. எண்ணிக்கை நாளன்று இருவரும் ஒரே தூணில் சாய்ந்துகொண்டு நகம் கடித்தார்கள். அறுநூற்றுச் சொச்சம் ஓட்டு வித்தியாசத்தில் அவள் ஜெயித்தாள். கோட்டுக்காரர் முதன்முறையாகக் கோட்டைக் கழற்றி, தலைக்கு மேல் சுழற்றினார். உள்ளே சட்டையின் முதுகில் நீளமாக ஒரு கிழிசல். கோட்டைக் கழற்றாத ரகசியம் அன்றைக்குத்தான் வெளிப்பட்டது.

முதலாளிகள் சங்கத்தில் அதை ரசிக்கவில்லை. மறு மாதமே அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவர் நேராக லிஃப்ட்காரரிடம் வந்தார். "நீங்க கசப்பா சொல்றீங்க, நான் இனிப்பா சொல்றேன். சேர்ந்து கடை போட்டா என்ன?"

எழுதுபொருள் கடைக்கு மேலே ஒற்றை அறை. இரண்டு மேஜை, வருகிறவர்களுக்கு நான்கு நாற்காலி. பலகையில் யார் பெயர் முதலில் வருவது என்று பதினைந்து நாள் விவாதம் நடந்தது. இருவருமே பேசியே வாழ்ந்தவர்கள், விடுவார்களா? பெயிண்டர் மூன்று முறை ஏணியில் ஏறி மூன்று முறையும் சும்மா இறங்கினார். நான்காவது முறை இவர்களைக் கேட்காமலே, 'தேர்தல் ஆலோசனை - உள்ளே இருவர்' என்று எழுதிவிட்டுப் போய்விட்டார்.

திறப்பு நாளன்று நகரசபை உறுப்பினர் அம்மா வந்தார். பலகையைப் படித்துவிட்டுச் சிரித்தார். பிறகு படிக்கட்டில் பாதி ஏறி நின்று, இரண்டு பக்கமும் கையால் தடவிப் பார்த்தார்.

"கைப்பிடி எங்க?"

"வெக்கணும்மா, சாவகாசமா..." என்றார் லிஃப்ட்காரர்.

"சாவகாசமெல்லாம் கிடையாது. பொதுமக்கள் வந்துபோற இடம். ஏழு நாள் டைம். இல்லன்னா நோட்டீஸ் வரும்."

லிஃப்ட்காரர் கோட்டுக்காரரைப் பார்த்தார். "நீங்க கொஞ்சம் இனிமையாப் பேசிப் பாருங்களேன்."

"பேசலாம் சார்" என்றார் கோட்டுக்காரர். "ஆனா அந்தம்மாவுக்கு ஆலோசனை சொன்னதே நான்தான். 'எடுத்த எடுப்புல சொந்தக்காரங்ககிட்டேர்ந்து ஆரம்பிங்க'ன்னு சொல்லிக் குடுத்துட்டேன்."

ஐந்தாம் நாள் கைப்பிடி வந்துவிட்டது.